கும்மிடிப்பூண்டியில் கார்மடி

பந்தியில் அடுத்தவர் இலையில் விழும் அப்பளம்தான் எனக்குப் பெரிதாகத் தெரியும் என்பாள் என் மனைவி. அவள் சொல்வது சரிதான் என்று மீனம்பாக்கத்தில் இறங்கிய அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. சுங்க அதிகாரி, கூட வந்த வெள்ளைக்காரர் ஆல்ஃபின் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுத்து அனுப்பிவிட்டார். என் பெட்டியை மட்டும் அடிவரை கிளறி, என் உள்பனியன்களை எண்ணிப் பார்த்தார். நான் தமிழில் பேசியதுதான் தப்பாகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

ஆல்ஃப் மெல்பர்ன்காரர். வயது ஐம்பத்தைந்து, தலைமை ஃபிட்டர். கூட வந்த கெவின் அவருடைய உதவியாள், இருபத்தாறு வயது இளைஞன். இவர்களுடைய கம்பெனி கம்பி இழுக்கும் இயந்திரம் செய்கிறது. அதன் சிங்கப்பூர்க் கிளையில் நான் குமாஸ்தா. கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிய ஒரு தொழிற்சாலைக்கு அந்த இயந்திரம் கப்பலில் வந்திருந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க ஐந்து வாரம். தொழிலாளர்களோடு பேச ஒரு தமிழ் ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். எழுபதுகளின் பிற்பாதி அது. அதுவரை இந்தியாவை நான் வரைபடத்தில்தான் பார்த்திருந்தேன்.

முதல் நாளே வழி தப்பினோம். எங்களை அழைத்துப் போக வேண்டிய ஜீப் பழுதாகிவிட்டதால், வடக்கே போகும் பாசஞ்சரில் ஏறினோம். சிங்கப்பூரில் பஸ்ஸில் நின்றுகொண்டு போவதையே நான் பெரிய கஷ்டமாக வீட்டில் சொல்வேன். இங்கே என் மடியில் ஒருவருடைய காய்கறி மூட்டையும், காலடியில் இன்னொருவருடைய மீன்கூடையும் இருந்தன. கும்மிடிப்பூண்டி வந்தபோது கதவுக்கும் எங்களுக்கும் நடுவில் நாற்பது பேர் நின்றார்கள். எல்லோரும் நகர்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஆரம்பாக்கத்தில் போய் விழுந்தோம். அதற்கடுத்தது ஆந்திரா என்றார்கள்.

ஆரம்பாக்கத்து நடைமேடையில் நாங்கள் விழித்துக்கொண்டு நின்றபோது, கையில் தூக்குப் பாத்திரத்தோடு ஓர் ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். குட்டையான உருவம், அகலமான தோள், இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கும் நடை.

"இன்னா சார், கும்மிடிப்பூண்டிய உட்டுட்டு இங்க வந்து எறங்கிக்கினு கீறீங்க?" என்று கேட்டார்.

எங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்த அதே தொழிற்சாலையில்தான் அவரும் வேலை செய்கிறார் என்றும், பெயர் எத்திராஜ் என்றும், கனமான சாமான்களைத் தூக்கி நகர்த்தும் கலாசி வேலை என்றும் சொன்னார். பேசிக்கொண்டே ஆல்ஃபின் இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். நானும் கெவினும் சேர்ந்தே தூக்கத் திணறிய பெட்டி அது. திரும்பும் வண்டியில் அவர் குரல் கொடுக்க, கூட்டம் தானாக வழி விட்டது. ஆல்ஃப் அந்த ஆளையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று வருடப் பழக்கத்தில் என்னை அவர் அப்படி ஒரு முறையும் பார்த்ததில்லை.

தொழிற்சாலைக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். சாப்பாடு அங்கேயே. காலை நாஷ்டாவுக்கு இட்லியோடு முதல் நாள் மீன்குழம்பு, மதியம் பழவேற்காட்டு இறால், சில நாள் நண்டு. வெள்ளைக்காரர்கள் படுத்துவிடுவார்கள் என்று நான் மாத்திரைகள் வாங்கி வந்திருந்தேன். ஆல்ஃப் கருவாட்டுக் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டார். மூன்று நாள் சுருண்டு கிடந்தது நான்தான். வெள்ளைக்காரன் வயிற்றைப் பார்த்துத் தமிழன் பொறாமைப்பட்டான் என்று எங்காவது எழுதியிருந்தால், அது என்னைப் பற்றியதுதான்.

நான் எழுந்து வந்தபோது, இயந்திரத்தின் அடிப்பகுதியை மேடையில் இறக்கி வைத்திருந்தார்கள். எத்திராஜ் அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிவிட்டு, இந்த மூலை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்றார். கெவின் சிரித்தான். ஆல்ஃப் ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். அந்த மூலைதான் தாழ்ந்திருந்தது. மறுபடி வேறொரு பக்கம் வைத்துப் பார்த்தார். அதுவும் எத்திராஜ் சொன்னபடியே இருந்தது. அன்றிலிருந்து எதை நகர்த்தினாலும் ஆல்ஃப் என்னைக் கூப்பிடுவதற்குமுன் எத்திராஜைத் தேடினார். மொழி தெரியாத இரண்டு பேர் கையாலும் புருவத்தாலும் பேசி வேலையை முடிக்கும்போது, இரண்டு மொழியும் தெரிந்த நான் பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டேன்.

முதல் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆல்ஃப் தன் டிரான்சிஸ்டரை வெளியே கொண்டுவந்தார். மெல்பர்னில் அப்போது பிற்பகல். அங்கே நடக்கும் பந்தாட்டத்தின் வர்ணனை சிற்றலையில் வரும். ஒரு நீளக் கம்பியை வானொலியில் கட்டி, மறுமுனையைத் தகரக் கூரையில் மாட்டினார்கள். இரைச்சலுக்கு நடுவில் ஒரு மனிதன் மூச்சு விடாமல் கத்துவது கேட்டது. பத்து மணி டீக்கு வந்தவர்கள் டம்ளரோடு சுற்றி உட்கார்ந்தார்கள். ஆட்டத்தை விளக்கும் வேலை எனக்கு வந்தது. சிங்கப்பூர்க் கிளைக்கு அடிக்கடி வந்து போகும் ஆல்ஃபிடம் நல்ல பெயர் வாங்குவதற்காகவே அந்த விதிகளை எல்லாம் பாடம் செய்து வைத்திருந்தேன். அதனால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் தொடங்கினேன்.

பந்து முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பம். நடுவில் உள்ள இரண்டுக்கு இடையில் உதைத்தால் ஆறு பாயிண்ட், கொஞ்சம் தவறி ஓரத்தில் போனால் ஒன்று. இதைக் கேட்டதும் கிரேன் ஓட்டும் நாயுடு டம்ளரைக் கீழே வைத்தார். அவர் தடா பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. தப்பாக உதைத்தவனுக்கும் பாயிண்டா, அப்படியானால் தன் வீட்டிலும் தனக்கு இவ்வளவு நாளில் நூறு பாயிண்டாவது சேர்ந்திருக்கும் என்றார். நான் அதை மொழிபெயர்த்ததும் ஆல்ஃப் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பும் நாயுடு கணக்கில்தான் போயிற்று.

பிரச்சினை கார்மடி. ஆல்ஃபும் கெவினும் ஒரே பேட்டையின் அணிக்கு விசுவாசிகள். ஒன்பது வருடமாக அந்த அணியின் முன்வரிசையில் நின்று கோல் அடித்தவன் கார்மடி. இந்த வருடம் முட்டியில் அடிபட்டதிலிருந்து அவன் ஆட்டம் படுத்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை அவனுக்கு ஒரு கோலும் இல்லை. ஓரத்தில் போன மூன்று உதையோடு சரி. வானொலியை அணைத்ததும் இருவரும் தொடங்கினார்கள். அவனை எதிராளியின் கோலைத் தடுக்கும் பின்வரிசைக்கு மாற்ற வேண்டும் என்பது ஆல்ஃபின் கட்சி. அவன் முன்னால்தான் நிற்க வேண்டும், இரண்டு வாரத்தில் ஆட்டம் திரும்பிவிடும் என்பது கெவினின் கட்சி. ஆல்ஃப் ஒரு பெட்டி மூடியில் மைதானத்தை வரைந்து, ஆணிகளை ஆட்டக்காரர்களாக நிறுத்தினார். ஒரு துருப்பிடித்த ஆணிதான் கார்மடி.

அடுத்த வாரத்துக்குள் தொழிற்சாலையே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பார்த்தே இராத ஓர் ஊரின், பார்த்தே இராத ஓர் ஆட்டக்காரனுக்காகச் சாப்பாட்டு நேரத்தில் சண்டை நடந்தது. நாயுடு கெவின் பக்கம்.

"நைனா, ஒம்போது வருசம் முன்னாடி நின்னவன பின்னாடி தள்ளுனா மானக்கேடு. நாலு வாரம் உடு, தானா வருவான்" என்றார்.

எத்திராஜ் பெட்டி மூடியின் பக்கத்தில் குந்தினார். துருப்பிடித்த ஆணியை எடுத்துப் பின்னால் வைத்தார். நான் இன்னும் ஆல்ஃபின் வாதத்தை அவருக்கு மொழிபெயர்க்கவே இல்லை. ஆரம்பாக்கம் சடுகுடு அணிக்குப் பன்னிரண்டு வருடம் பாடிப் போனவர் தான் என்றும், முட்டி போன பிறகு பாடுவதை விட்டுப் பிடிக்கிறவர்களோடு நின்றதாகவும் சொன்னார்.

"பாடிப் போறவன் எங்க கால் வெப்பான்னு பாடிப் போனவனுக்குத்தான் தெரியும். முட்டி போனா இன்னா, கண்ணு போவலியே. பின்னாடி நிக்கச் சொல்லு சார். ஒருத்தனும் தாண்ட மாட்டான்."

ஆல்ஃப் என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். அவர் எத்திராஜின் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, இதைத்தான் நான் மூன்று மாதமாக மெல்பர்ன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு முட்டாளுக்கும் புரியவில்லை என்றார். மூன்று வருடமாக விதிகளைப் பாடம் செய்த தோள் பக்கத்திலேயே இருந்தது. அதில் ஒரு தட்டும் விழவில்லை. சின்ன விஷயம்தான். ஆனால் அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மெல்பர்ன் தொழிற்சாலைக்கு ஒருவரை ஆறு மாதம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தத்தில் இருந்தது. இங்கிருந்து பொருத்தமான ஆளை ஆல்ஃப் சொல்ல வேண்டும். இங்கே யாரும் அமையாவிட்டால் சிங்கப்பூர்க் கிளையிலிருந்து ஒருவர் போகலாம். அந்த ஒருவர் நான் என்பது எனக்கும் என் மேலதிகாரிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆறு மாதம் மெல்பர்ன், திரும்பியதும் குமாஸ்தா நாற்காலியிலிருந்து விடுதலை. அரங்கில் ஆல்ஃபின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதாகக் கனவுகூட வந்தது.

நான்காவது வாரம் ஒரு மாலை, நான் கடைப்பக்கம் போனபோது, ரயிலுக்குக் கிளம்பிய எத்திராஜ் என் கூடவே நடந்தார். வெயில் இறங்கியும் தார்ச்சாலை சுட்டது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் எட்டாவது என்று ஏதேதோ பேசினார். கடைசியில் பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மெல்பர்னுக்கு ஒரு ஆள எடுக்கிறாங்களாமே சார். கலாசிய எல்லாம் எடுப்பாங்களா?"

பார்க்கலாம் என்றேன். ஊடு வரைக்கும் வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள் என்றார். வயிறு சரியில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டேன். வயிறு சரியாகத்தான் இருந்தது.

கடைசி வாரம் வியாழக்கிழமை. கெவின் ஓர் உதிரி பாகத்துக்காகச் சென்னை போயிருந்தான். இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது, கம்பி வெள்ளிபோல் இழுபட்டு வந்துகொண்டிருந்தது. ஆல்ஃப் என்னையும் எத்திராஜையும் ஒரு ஓரமாகக் கூப்பிட்டார்.

"இந்த ஆளைச் சுமை தூக்க வைத்திருப்பது அநியாயம். கார்மடியை முன்னால் நிறுத்துகிற மாதிரி" என்றார் என்னிடம். "இவர்தான் மெல்பர்ன் வர வேண்டும். ஆனால் குடும்பஸ்தர். நான் இங்குள்ள மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு இவரால் மறுக்க முடியாது. அதனால் முதலில் இவர் மனசைக் கேள். ஆறு மாதம் மெல்பர்னில் இருப்பாரா?"

எத்திராஜுக்கு அதில் கார்மடி என்ற பெயரும் மெல்பர்ன் என்ற பெயரும்தான் புரிந்திருக்கும். ஐந்து வாரமாகச் சேர்ந்தே கேட்ட பெயர்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஆல்ஃபும் என் முகத்தைப் பார்த்தார். நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்றாலும் பொய்.

"கார்மடியைப் பற்றிக் கேட்கிறார்" என்றேன் எத்திராஜிடம். "மெல்பர்னை விட்டு வேறு ஊர் அணிக்கு ஆறு மாதம் வரச் சொல்லி அவனைக் கூப்பிடுகிறார்களாம். போகலாமா என்று உங்களைக் கேட்கச் சொன்னார்."

எத்திராஜ் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தொரை தன்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார் அல்லவா? தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக யோசித்தார். பிறகு ஆல்ஃபைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்ற ஆட்டம், எந்த ஊர்க்காரனுக்கும் புரியும்.

"போவக்கூடாது சார். அவன் நின்ன எடத்துல இன்னொருத்தன் வந்து நின்னாலும், ஜனம் அவனத்தான் தேடிக்கினு இருக்கும். நிக்கிறவன யாரு பாக்கப் போறாங்க?"

ஊரை விட்டு வர முடியாது என்கிறார், இங்கே ஜனங்கள் தேடுவார்களாம் என்று ஆல்ஃபிடம் சொன்னேன். அவர் நிறையப் பேசினாரே, இவ்வளவுதானா என்று ஆல்ஃப் கேட்டார். இவ்வளவுதான் என்றேன். ஆல்ஃப் எத்திராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எத்திராஜ் கையைக் குலுக்கியபின், வேறு ஏதாவது கேட்பார்களோ என்பதுபோல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

சனிக்கிழமை நாங்கள் கிளம்பினோம். வழியனுப்ப எத்திராஜ் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பெட்டிகளை எல்லாம் உள்ளே ஏற்றிவிட்டு, துணியில் சுற்றிய ஒரு சின்ன பாட்டிலை என்னிடம் கொடுத்தார். அவர் வீட்டில் காய்ச்சிய முட்டி எண்ணெய். நொச்சி வாடை மூக்கில் ஏறியது.

"இத்த எப்பிடியாவது அந்த கார்மடி கையில சேத்துரு சார். பின்னாடி நின்னாலும் முட்டி வோணுமில்ல" என்றார்.

மெல்பர்ன் இடத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை. வண்டி நகர்ந்ததும் ஆல்ஃப் ஜன்னல் வழியாக வெகு தூரம் கை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. ஆனாலும் அந்தக் கை ஆட்டலைப் பார்த்தபோது மனசுக்குள் சுருக்கென்றது.

ஆகஸ்டில் மெல்பர்ன் போனேன். அந்த இடம் எனக்கே கிடைத்தது. குளிர் எலும்பைத் தொட்டது. மெல்பர்ன் குளிருக்கென்று தைத்த புதுக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, கூடவே வைத்திருந்த எத்திராஜின் பாட்டில் கசிந்திருந்தது. கோட்டின் இடது பக்கம் முழுக்க நொச்சி எண்ணெய். இரண்டு தடவை சலவைக்குப் போட்டும் வாடை போகவில்லை. வேறு கோட்டு இல்லாததால் அதையே போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனேன்.

ஆசைப்பட்ட அதே இருக்கை. ஒரு பக்கம் ஆல்ஃப், அவருக்கு அப்பால் கெவின். மறுபக்கம் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மாள், என் பக்கமே மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தார். கையில் சூடான இறைச்சிப் பணியாரம். காரமே இல்லை, கும்மிடிப்பூண்டிக் கருவாட்டுக் குழம்பு ஒரு கரண்டி கிடைத்தால் தேவலை என்றிருந்தது. மைதானத்தில் கார்மடி பின்வரிசையில் நின்றான். இரண்டு வாரமாகத்தான் மாற்றியிருந்தார்கள். எதிராளி எங்கே ஓடப்போகிறான் என்று முன்பே தெரிந்தவன்போல் அந்த இடத்தில் போய் நின்றான். பந்து வந்து அவன் மார்பில் விழுந்தது. ஒருவனும் அவனைத் தாண்டவில்லை.

சுற்றிலும் ஒரே வாதம். இந்தப் புத்தி முன்பே எங்கே போயிற்று என்றார் ஒருவர். இன்னும் முன்னால்தான் நிறுத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார் இன்னொருவர். ஆல்ஃப் எழுந்து திரும்பி நின்றார். பயிற்சியாளருக்குத் தோன்றுவதற்கு முன்னாலேயே இந்தியாவில் ஓர் ஆள் இதைச் சொல்லிவிட்டான் என்றார். கும்மிடிப்பூண்டி என்ற பெயரைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். உள்ளங்கையால் மட்டம் பார்த்ததைச் சொன்னார், துருப்பிடித்த ஆணியைச் சொன்னார். நான்கு வரிசை ஆட்கள் திரும்பிக் கேட்டார்கள். மெல்பர்ன் வரச் சொல்லிக் கூப்பிட்டேன், தன் ஜனங்களை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டான், அப்பேர்ப்பட்ட மனிதன் என்றார்.

தொப்பி அம்மாள் என்னைக் காட்டி, "இவரா அவர்?" என்று கேட்டார்.

"இல்லை, இவர் சிங்கப்பூர்க்காரர்" என்றார் ஆல்ஃப். அந்த அம்மாளின் பார்வை உடனே என்னை விட்டு நகர்ந்தது. நான் அங்கே உட்கார்ந்து ஐயாயிரம் மைலுக்கு அப்பால் சுமை தூக்கிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவருடைய இடத்தில் அவருடைய எண்ணெய் வாடையோடு உட்கார்ந்துகொண்டே பொறாமைப்பட்டேன்.

ஆல்ஃப் என் முழங்கையைத் தொட்டார். "அன்றைக்கு அவர் நிறையச் சொன்னார், நீ சுருக்கிவிட்டாய். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறதா? இவர்களுக்குச் சொல்."

நினைவிருந்தது. ஒரு நாளும் மறந்ததில்லை. அவன் நின்ற இடத்தில் இன்னொருவன் வந்து நின்றாலும், ஜனங்கள் அவனைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள், நிற்கிறவனை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் ம் கொட்டினார். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"அவ்வளவு அழகாகவா சொன்னார்? நீயாகச் சேர்க்கவில்லையே?" என்றார் ஆல்ஃப்.

"இல்லை. இந்தத் தடவை ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை" என்றேன்.

அரங்கம் முழுக்க எழுந்து கத்தியது. கார்மடி பந்தோடு எங்கள் பக்கமாகத்தான் ஓடி வந்துகொண்டிருந்தான். ஆல்ஃப் அவனைப் பார்க்கவில்லை. என் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டிருந்தார்.

"இந்தத் தடவையா?" என்று கேட்டார்.